அர்ச். இஞ்ஞாசியாரின் தாழ்ச்சி

தலையான பாவங்கள் ஏழனுள் ஆங்காரமே முதலாவதென்று சிறு பிராயத்தில் ஞானோபதேசத்திற் படித்துள்ளோம். சேசு சபையை நிறுவிய அர்ச். இஞ்ஞாசியார் அதனை வென்றவரென்று போற்றப்படுகின்றார். ஆயினும் அவர் ஒருமுறை வென்று ஓய்ந்தவரல்லர். ஓர் உடையைக் களைந்தால் வேறோர் உடையில் வந்து நின்ற அப்பகையோடு பல்லாண்டு போராடியவர். அப்போராட்டத்தையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இஸ்பானியாவின் வடபால் பாஸ்கு மக்களின் மலைநாட்டில், லொயோலா மாளிகையில், 1491-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். இனிகோ என்பது இட்ட பெயர். உயர்குடிப் பிறப்பும் வாட்பயிற்சியும் அவரைப் புகழ் வேட்கையுடையராக்கின. 1521 மே மாதம் பம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை முற்றியபோது, பீரங்கிக் குண்டு அவர் வலக்காலை முறித்தது. எலும்பு கோணலாகப் பொருந்தவே, மீண்டும் முறித்துச் சேர்த்தனர். அதன் பின்னும் முழங்காலின் கீழ் ஓர் எலும்பு புடைத்து நின்றது. பிரபுக்கள் அணியும், காலோடொட்டிய நெடும் பாதரட்சையை இனி அணிய இயலாதே என்று அவர் கவன்றார். மயக்க மருந்து அறியப்படாத அந்நாளில் அவ்வெலும்பை இரம்பத்தால் அறுப்பித்துப் பொறுத்துக் கிடந்தார். தவசிகளுங்கூட இத்துணை நோவைத் தாமே தேடுவரோ என்பது ஐயமே!

நோய்ப்படுக்கையில் வீரக்கதைகள் கேட்டார். அவ்வீட்டிற் கிடைத்தனவோ கர்த்தருடைய சரித்திரமும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரமுமே. அவற்றைப் படித்து மனந்திரும்பினார் என்று சுருங்கக் கூறிவிடுவாருளர். உண்மையில், அர்ச். சாமிநாதரும் அர்ச். பிரான்சிஸ்கு அசிசியாரும் செய்தனவற்றைத் தாமும் செய்துகாட்டவேண்டும் என்னும் போட்டியே முதலில் எழுந்தது. களம் மாறிற்று; வீரர் இன்னும் மாறவில்லை.

1522 மார்ச்சு மாதம் மொன்செராத் மலையில் தேவமாதாவின் திருமுன் வாளைத் தொங்கவிட்டார். விலையுயர்ந்த ஆடையை ஓர் ஏழைக்கு ஈந்து, முரட்டுத் துணி உடுத்தார். பின்னர் மன்ரேசா நகரில், முன்பு பேணிய தலைமயிரைச் சீவாமலும் நகங்களைக் களையாமலும் திரிந்தார். ஆங்காரம் தொலைந்ததென்றே நாம் எண்ணுவோம். ஆனால் அங்கே கடுங்காய்ச்சலிற் கிடந்தபோது, தாம் நீதிமான் என்னும் எண்ணம் அவருள்ளே எழுந்தது. காய்ச்சலினும் அவ்வெண்ணமே அவரை வாட்டிற்று. சிறிது தேறியதும், தாம் மீண்டும் சாகுந்தறுவாயை அடைந்தால் தம்மைப் பாவியென்று காதிற் படும்படி கூவவேண்டுமென, அருகிருந்த பெருமாட்டிகளை வேண்டிக்கொண்டார்! 1523-இல் பார்சலோனாவிற் கப்பலேறுங்கால், எருசலேம் யாத்திரையைச் சொன்னால் வீண்பெருமை பற்றுமென்று அஞ்சி, உரோமைக்குப் போவதாக மட்டும் கூறினார்.

மன்ரேசாவில் அவர் எழுதத் தொடங்கிய ஞான முயற்சிகளில் இரு கொடிகளைப்பற்றிய தியானம் ஒன்றுண்டு. பொருளால் மதிப்பும், மதிப்பால் ஆங்காரமும் விளைவிப்பது பசாசின் வழி. வறுமையாலும் நிந்தையாலும் தாழ்ச்சிக்கு அழைத்துச் செல்வது கிறிஸ்துநாதரின் வழி. தியான முடிவில் தேவமாதாவிடமும், சுதனிடமும், பிதாவிடமும் முறையே மன்றாடவேண்டும். அம்மன்றாட்டிற் கேட்பது வறுமையும் நிந்தையுமே. தாழ்ச்சியைத் தா என்று கேட்டல் எளிது. அதன் விலையையும் சேர்த்துக் கேட்க நம் நா எழுவதில்லை.

அவ்விலையை அவர் கொடுத்தார். முப்பத்து மூன்றாம் வயதில் பார்சலோனாவிற் சிறுவரோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் பயின்றார். தேர்வில் ஒருமுறை தவறினும் முகம் மறைக்கும் மாணவராகிய நாம் இதனை ஊன்றி நோக்கலாம். 1541 ஏப்ரலில் தோழர்கள் அவரைச் சபைத் தலைவராகத் தெரிந்தெடுத்தபோது மறுத்தார். மறுமுறையும் அவரையே தெரிந்தனர். அப்பொழுதும் இணங்காது, மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்து, தீர்ப்பைத் தம் ஆத்தும குருவாகிய பிரான்சிஸ்கு சபைத் துறவியிடம் விட்டு, அவர் கட்டளைப்படியே ஏற்றார். ஏற்றபின் சிலநாள் மடத்துச் சமையலறையிற் பணிபுரிந்தார்.

1556 ஜூலை 30-ஆம் நாள், தம் முடிவு நெருங்கிற்றென்று உணர்ந்து, பாப்பரசரின் ஆசீர் பெற்றுவருமாறு தம் காரியதரிசி பொலாங்கோவை வேண்டினார். அவருக்கோ அன்று அனுப்பவேண்டிய கடிதங்கள் இருந்தன. நாளை போகலாமா என்று வினவினார். இன்று போவதே நலமென்று கூறிய இஞ்ஞாசியார், ஆயினும் அவர் விருப்பப்படியே செய்க என்று விட்டுவிட்டார். மறுநாட் காலையில், ஆசீர் வந்து சேருமுன்னர், அவர் உயிர் பிரிந்தது.