எழுதுகோல் காத்த குடும்பம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல் என்றதும் சார்லஸ் டிக்கன்சும் ஜார்ஜ் எலியட்டும் நினைவுக்கு வருவர். அவர்கள் காலத்தில் ஏறத்தாழ நூறு நாவல்களைப் படைத்த மார்கரெட் ஆலிஃபண்டை இன்று அறிந்தோர் சிலரே.

இவர் 1828ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் வாலிஃபோர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பத்தார் கூடியிருக்கும் மேசையிலேயே எழுதிப் பழகினார். முதல் நாவல் 1849இல் வெளிவந்தது. 1852இல் தம் உறவினரும் வண்ணக் கண்ணாடி ஓவியருமான பிரான்சிஸ் ஆலிஃபண்டை மணந்தார்.

காசநோயுற்ற கணவர் 1859இல் ரோம் நகரில் காலமானார். அப்போது மார்கரெட்டுக்கு இரண்டு குழந்தைகள் இருந்தனர். மூன்றாவது குழந்தை வயிற்றில் இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் பவுன் கடனும் சேர்ந்துகொண்டது. பெண்களுக்குப் பெரும்பாலான தொழில்கள் மறுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், அவருக்கு வாழ்வளித்தது எழுத்தே. பிளாக்வுட் இதழில் கதைகளும் திறனாய்வுகளும் இடைவிடாது எழுதினார். பிள்ளைகள் உறங்கிய பின்னர், இரவில் நெடுநேரம் எழுதினார்.

கார்லிங்ஃபோர்டு என்னும் கற்பனை நகரைக் களமாகக் கொண்ட நாவல் வரிசை அவருக்குப் புகழ் தந்தது. அவ்வரிசையில் 1866இல் நூலாக வந்த ‘மிஸ் மார்ச்பேங்க்ஸ்’, ஆளும் திறன் வாய்ந்த ஒரு பெண்ணுக்கு அன்றைய சமூகம் வரவேற்பறையை மட்டுமே விட்டுவைத்ததை நகைச்சுவையோடு காட்டுகிறது.

துயரங்கள் அவரைத் தொடர்ந்தன. 1864இல் பத்து வயது மகள் இறந்தாள். பின்னர், பொருளிழந்த தமையனின் குடும்பத்தையும் அவரே தாங்கினார். மகன்கள் ஈட்டன் பள்ளியில் பயில்வதற்காக வின்சரில் குடியேறி, அதற்கான செலவை எழுதியே ஈட்டினார். அம்மகன்கள் இருவரும் 1890இலும் 1894இலும் அவருக்கு முன்பே மறைந்தனர். 1897இல் அவரும் காலமானார். ஈட்டனில் மகன்களின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

பணத்திற்காக விரைந்து எழுதியதால் அவரது கலை மெலிந்தது என்பர் திறனாய்வாளர் சிலர். கவலையின்றி எழுத வாய்த்த ஜார்ஜ் எலியட்டோடு தம்மை ஒப்பிட்டு, அத்தகைய வாய்ப்பு அமைந்திருந்தால் தாமும் இன்னும் சிறப்பாக எழுதியிருக்கக்கூடுமோ என அவரே தம் தன்வரலாற்றில் எண்ணிப் பார்த்துள்ளார். அவ்வினாவுக்கு விடை காண இயலாது. ஆயினும் அவருடைய நாவல்களை மதிப்பிடுவோர், அவை எழுதப்பட்ட இரவுகளையும் அவற்றால் பசியாறிய பிள்ளைகளையும் மறத்தல் நேர்மையாகாது.