அச்சுப்பிச்சு எழுதிய விஞ்ஞானப் பட்டதாரி

1985ஆம் வருஷம் மத்திய அரசுப் பணியில் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போனேன். லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீடு. முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் வெற்றிலையும் நடந்து போகும் தூரத்தில் கிடைத்ததால் என் மனைவிக்கு ஊர் சீக்கிரமே பழகிவிட்டது. எனக்குத்தான் பாஷை பிடிபடவில்லை.

அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவர் காரணமில்லாமல் சத்தம் போட்டுவிட்டுத் தம் அறைக்குள் போவார். கதவு மூடியதும் குமாஸ்தாக்கள் மேலுதட்டைத் தடவிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துச் சிரிப்பார்கள். அந்த அதிகாரிக்கோ மீசையே கிடையாது. பக்கத்து நாற்காலிக்காரரான மூத்த வங்காளி நண்பர் ஒருநாள் விளக்கினார். ஒரு தலைமை அலுவலகத்தில் பரம சாதுவான பெரிய பாபு ஒருவர் இருந்தாராம். ஒருநாள் திடீரென்று தம் மீசையை யாரோ திருடிவிட்டதாகக் கூச்சல் போட்டாராம். எல்லோரும் கண்ணாடியைக் காட்டி, மீசை மூஞ்சியில்தான் இருக்கிறது என்று சொல்லியும் கேட்காமல், அத்தனை பேருக்கும் அபராதம் போட்டாராம். இது குழந்தைகள் பாட்டு. வங்காளத்தில் அது தெரியாத குமாஸ்தாவே கிடையாது என்றார்.

அந்தப் பாட்டு உள்ள புத்தகத்தின் பெயர் 'ஆபோல் தாபோல்'. நம் அகங்களில் அச்சுப்பிச்சென்று உளறாதே என்போமே, அந்த அச்சுப்பிச்சுதான் அதற்குச் சரியான தமிழ். எழுதியவர் சுகுமார் ரே. சினிமா எடுத்த சத்யஜித் ரேயின் தகப்பனார்.

அடுத்த வருஷம் அரைப் பரீட்சை சமயம். இரண்டாம் வகுப்பில் படித்த என் பிள்ளை அதே புத்தகத்தை மாடி வீட்டுப் பையனிடம் வாங்கிவந்து படித்துக்கொண்டிருந்தான். கொக்கும் ஆமையும் ஒட்டிக்கொண்ட ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, இப்படி ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டான். நான் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. தேறியவன். அப்படி ஒரு ஜந்து இருக்கவே முடியாது, போய் வாய்ப்பாடு படி என்று சொல்லி, புத்தகத்தைப் பிடுங்கிப் பீரோவின் மேல் வைத்துவிட்டேன். மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது அந்த மூத்த நண்பர் சிரிக்கவில்லை. சுகுமார் ரே பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகம், ரசாயனம் என்று இரண்டிலும் ஆனர்ஸ் வாங்கிய பட்டதாரி என்று மட்டும் சொன்னார். அன்று தொடங்கித்தான் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சுகுமார் பிறந்தது 1887 அக்டோபர் 30, கல்கத்தாவில். குடும்பம் இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங் பகுதியைச் சேர்ந்தது, பிரம்ம சமாஜத்தார். தகப்பனார் உபேந்திரகிஷோர் எழுத்தாளர், ஓவியர், வயலின் வாசிப்பவர். குழந்தைகளுக்காக ராமாயணக் கதையை எழுதிப் படமும் போட்டார். அந்தக் காலத்து வழக்கப்படி அந்தப் படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார்கள். செதுக்கியதில் படம் பாழாகிவிட்டது. வேறொருவராக இருந்தால் அச்சகத்தாரைத் திட்டிவிட்டு ஓய்ந்திருப்பார். இவர் இங்கிலாந்திலிருந்து கேமராவும் கருவிகளும் தருவித்து, 1895ல் தம் வீட்டிலேயே ஹாஃப்டோன் முறையைப் பரீட்சை செய்ய ஆரம்பித்தார்.

ஹாஃப்டோன் என்பது இதுதான். அச்சு மை கறுப்பு, காகிதம் வெள்ளை, நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. ஆனால் புகைப்படத்தில் எத்தனையோ சாம்பல் சாயல்கள் உண்டு. ஆகவே படத்தை நுண்ணிய கட்டங்கள் கொண்ட கண்ணாடித் திரை வழியே மறுபடி படமெடுத்துப் புள்ளிகளாகப் பிரிக்கிறார்கள். புள்ளி பெரிதானால் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும், சிறிதானால் வெளுப்பாகத் தெரியும். திரைக்கும் தகட்டுக்கும் எவ்வளவு தூரம், லென்ஸின் துவாரம் எவ்வளவு என்பதெல்லாம் கணக்கு. இந்தக் கணக்கைக் கல்கத்தாவில் உட்கார்ந்து தாமாகவே போட்டு, லண்டனிலிருந்து வந்த அச்சுத் தொழிலின் முக்கிய ஆண்டு மலரான பென்ரோஸ் மலரில் கட்டுரைகள் எழுதினார் உபேந்திரகிஷோர். பிற்பாடு பிள்ளையும் அதே மலரில் எழுதினார்.

சுகுமார் 1906ல் பட்டம் பெற்றார். உடனே வேலை தேடவில்லை. நண்பர்களையும் உறவினர்களையும் சேர்த்துக்கொண்டு 'நான்சென்ஸ் கிளப்' ஒன்றைத் தொடங்கினார். அதற்குக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று. நாடகங்களும் உண்டு; லக்ஷ்மணன் சக்தி ஆயுதம் பட்டு மூர்ச்சையாகும் கட்டத்தைக்கூட விட்டுவைக்காமல் ஹாஸ்ய நாடகமாக்கியிருக்கிறார். பிறகு 1911ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து போய், லண்டனிலும் மான்செஸ்டரிலும் படமச்சுத் தொழிலைக் கற்றார். அதே சமயத்தில் தாகூரும் லண்டனில் இருந்தார். அவரைப் பற்றி அங்கே ஒரு சபையில் சொற்பொழிவு ஆற்றியவர்களில் சுகுமாரும் ஒருவர். அப்போது தாகூருக்கு நோபல் பரிசு வந்திருக்கவில்லை.

1913 ஏப்ரலில் உபேந்திரகிஷோர் குழந்தைகளுக்காக 'சந்தேஷ்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் செய்தி. வங்காளிகளின் பிரசித்தமான பால் இனிப்புக்கும் அதே பெயர். அந்த வருஷமே சுகுமார் ஊர் திரும்பினார். சுப்ரபா தேவியை மணந்தார். கார்பார் சாலையில் 100ஆம் எண்ணில் வீடும் அச்சகமும் ஒரே கூரையின் கீழ் எழும்பின. 1915 டிசம்பரில் உபேந்திரகிஷோர் காலமானார். அச்சகமும் பத்திரிகையும் 28 வயதுப் பிள்ளையின் தோளில் ஏறின.

மாதா மாதம் சந்தேஷின் பக்கங்களை நிரப்புவது சாதாரண விஷயமல்ல. சுகுமார் கதை எழுதினார், பாட்டு எழுதினார், இரண்டுக்கும் படம் போட்டார். கலிலியோ, டார்வின் போன்றோரின் வாழ்க்கையையும், இயந்திரங்கள், பிராணிகள் பற்றிய செய்திகளையும் குழந்தைகளுக்குப் புரியும்படி எழுதினார். அந்த விஞ்ஞானக் கட்டுரைகளும் அச்சுப்பிச்சுப் பாட்டுகளும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை. ஒன்று கடமை, மற்றது பொழுதுபோக்கு என்று அவர் பிரிக்கவில்லை.

அந்தப் பாட்டுகளை நிதானமாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு விதி பிசகாமல் நடப்பது தெரியும். வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்து ஒரு பிராணியானால் பெயர்களும் நடுவில் ஒட்டி ஒரே பெயராகும். உடம்பும் அதே இடத்தில் ஒட்டும். நாம் படித்த சந்தி இலக்கணத்தை ஜந்துக்களுக்குப் பொருத்திய மாதிரி. இன்னொரு பாட்டில் ஒரு சித்தப்பா யந்திரம் கண்டுபிடிக்கிறார். தோளில் மாட்டிக்கொண்டால் தின்பண்டம் மூக்குக்கு முன்னே தொங்கும். அதை எட்டிப் பிடிக்கும் ஆசையில் நடக்க நடக்க, ஐந்து மணி நேர நடை ஒன்றரை மணியில் முடிந்துவிடும். பதவி உயர்வு என்ற பண்டம் தொங்க முப்பத்தைந்து வருஷம் நடந்தவன் நான். இதைப் படித்துச் சிரிக்கச் சற்று நேரமாயிற்று. வழுக்கி விழுந்தால் 21 ரூபாய் அபராதம், மாலை ஆறு மணிக்கு முன் தும்முவதற்கு டிக்கெட் என்று சட்டம் போடும் ஒரு தேசமும் உண்டு. சர்க்கார் சுற்றறிக்கைகள் எழுதிய கைக்கு அந்த நடை மிகவும் பழக்கமாக இருந்தது.

1921 மே 2ஆம் தேதி சத்யஜித் பிறந்தார். அதே வருஷம் சுகுமாருக்குக் காலா ஆசார் கண்டது. கறுப்பு ஜுரம் என்று பொருள். விட்டு விட்டுக் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், உடல் கறுத்து மெலிதல். இந்த வியாதியின் கிருமியை 1903ல் கண்டு சொன்ன இருவரில் ஒருவரான டோனோவன் நம் சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றியவர். ஒருவகை மணல் ஈ கடிப்பதால்தான் இது பரவுகிறது என்பதை 1942ல் நிரூபித்தவர்கள் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்ற மூவர்.

இங்கேதான் எனக்கு மனம் வலிக்கும். இதற்கான நல்ல மருந்தைக் கண்டுபிடித்தவர் உபேந்திரநாத் பிரம்மசாரி. அவர் ஆராய்ச்சி செய்ததும் அதே கல்கத்தாவில், சியால்டாவை ஒட்டிய கேம்ப்பெல் மருத்துவமனையின் ஒரு சிறு அறையில். இப்போது அது நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி. கார்பார் சாலைக்கு வெகு தூரமில்லை. ஆன்டிமனி சேர்ந்த யூரியா ஸ்டிபமைன் என்ற அந்த மருந்தைப் பற்றி 1922ல் வெளியிட்டார். அது பரவலாகப் போய்ச் சேர்ந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது அதற்குப் பிறகுதான்.

சுகுமார் இரண்டரை வருஷம் படுக்கையில் இருந்தார். பிழைப்பது சந்தேகம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் சந்தேஷுக்கு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. 1922ல் வந்த 'ஹஜபரல' அப்போது எழுதியதுதான். வங்காளியில் அந்த வார்த்தைக்குக் குழப்படி என்று அர்த்தம். எழுத்துக்களைப் பார்த்தால் ஹ, ய, வ, ர, ல. மாஹேச்வர சூத்திரத்தில் வரும் அதே வரிசை. வங்காளி உச்சரிப்பில் யகாரம் ஜகாரமாகவும் வகாரம் பகாரமாகவும் ஒலிக்கும், அவ்வளவே. கைக்குட்டை பூனையாக மாறுவதில் தொடங்கும் அந்தக் கதையில், பலகையில் கணக்குப் போடும் ஒரு காக்கையும் ஒரு கிழவரும் வருகிறார்கள். கிழவருடைய ஊரில் வயது நாற்பதானதும் திருப்பி விட்டுவிடுவார்களாம். முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று குறைந்துகொண்டே வரும். பத்துக்கு வந்ததும் மறுபடி ஏறவிடுவார்கள். ஆகவே யாரும் ரொம்பக் கிழமாவதில்லை. இதை எழுதியவருக்கு அப்போது வயது 34. நாற்பதைப் பார்க்கப் போவதில்லை.

1923 ஆகஸ்ட் 29ஆம் தேதி தாகூர் வீட்டுக்கு வந்து, படுக்கையருகே உட்கார்ந்து, சுகுமார் கேட்ட பாட்டுகளைப் பாடினார். அந்த நாட்களிலும் 'ஆபோல் தாபோல்' புத்தக வேலை நடந்துகொண்டிருந்தது. எந்தப் பாட்டு எந்தப் பக்கம், எந்தப் படம் எங்கே என்பதையெல்லாம் படுத்தபடியே தீர்மானித்தார். செப்டம்பர் 10ஆம் தேதி காலமானார். வயது 35. ஒன்பது நாள் கழித்து, 19ஆம் தேதி, புத்தகம் வெளிவந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதும் நான்கு மாதமும். சில வருஷங்களில் தொழில் நொடித்து, வீடும் அச்சகமும் கைவிட்டுப் போயின. சந்தேஷ் நின்றது. சுப்ரபா தேவி குழந்தையை அழைத்துக்கொண்டு பவானிப்பூரில் தம் சகோதரர் வீட்டுக்குப் போய், விதவைகளுக்கான ஓர் ஆசிரமத்தில் தையல் சொல்லிக்கொடுத்து அவனை வளர்த்தார். அந்தப் பிள்ளை 1961ல், தாம் உலகப் புகழ் பெற்ற பிறகு, சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து சந்தேஷை மறுபடி தொடங்கினார். அவருடைய ஃபெலுதா துப்பறியும் கதைகளும் பேராசிரியர் ஷொங்குவின் விஞ்ஞானக் கதைகளும் அந்தப் பத்திரிகைக்காக எழுதத் தொடங்கியவைதான். 1987ல் தகப்பனாரின் நூற்றாண்டுக்கு ஒரு குறும்படமும் எடுத்தார். முகமே நினைவில்லாத தகப்பனாரை அவர் அறிந்தது பெரும்பாலும் இந்தப் புத்தகங்களின் வழியாகத்தான்.

பீரோவின் மேலிருந்த புத்தகத்தை நான் கீழே எடுத்தபோது எனக்கும் வயது 35. பிள்ளையின் வங்காளி அரிச்சுவடியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாதி புரியவில்லை. அவனையே கூப்பிட்டுக் கேட்டேன். அவன் வாய்ப்பாட்டுப் புத்தகத்தை மூடாமலேயே, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு அர்த்தம் சொன்னான். கொக்கு-ஆமையைப் பற்றி அவன் கேட்ட கேள்விக்கு நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை. ஏன் இருக்கக்கூடாது என்று கேட்பதுதான் விஞ்ஞானத்தின் ஆரம்பம். கல்லூரியில் மூன்று வருஷம் படித்த எனக்கு அது தெரியாமல் போயிற்று.

நம் அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருக்கிறோம். அந்தந்த ஊர்ப் பாஷையிலும் குழந்தைகளுக்கென்று உழைத்த ஒருவர் நிச்சயம் இருப்பார். அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் சொல்வார். பேரன் பேத்திகளுக்குக் கணக்கு சொல்லித்தர டியூஷன் வாத்தியார் கிடைப்பார். அச்சுப்பிச்சுக்கு நாம்தான்.

ஹைதராபாத்தில் இருக்கும் என் பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் ஒரு கதை. சென்ற வாரம் தாத்தாவுக்கு என்ன வயது என்று கேட்டாள். எழுபத்துநாலு என்று சொல்ல வாயெடுத்து, அந்தக் கிழவரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாற்பதிலிருந்து திரும்பி, எழுபதில் பத்துக்கு வந்து, மறுபடி நாலு ஏறியிருக்கிறது. பதினாலு என்றேன். அவள் சிரித்துவிட்டு, சுவாதீனமாகப் போனை அப்பாவிடம் கொடுத்து, சரியா என்று பார்க்கச் சொன்னாள். அவன் கணக்குப் போட்டுப் பார்த்துச் சரிதான் என்றான்.