பாட்டையும் சூடிக் கொடுத்த ஆண்டாள்

பாட்டுக்குப் படம் எடுக்க விரும்பும் இளைஞர் முதலில் என்ன செய்கிறார்?

பிறர் எடுத்த பாட்டுப் படங்களைப் பார்க்கிறார். ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை பார்க்கிறார். எங்கே முகத்தைக் காட்டுகிறார்கள், எங்கே தெருவைக் காட்டுகிறார்கள், எந்த இடத்தில் தாளம் மாறுகிறது என்று கவனிக்கிறார். அதன் பிறகுதான் தன் படத்தைத் தொடங்குகிறார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பார்த்ததை அப்படியே எடுத்தால் அது அவருடைய படம் ஆகாது. எதையுமே பார்க்காமல் எடுத்தால் சரியாக வராது. பிறரிடம் கற்கவும் வேண்டும். சொந்தமாகவும் இருக்க வேண்டும்.

இந்தக் கஷ்டமான காரியத்தை ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் செய்து காட்டினாள். அப்பொழுது படம் பிடிக்கும் கருவி இல்லை. ஆனால் அவளுடைய பாட்டிலே படம் இருந்தது.

அந்தப் பெண்தான் ஆண்டாள். அவளுடைய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்.

துளசிச் செடியின் அடியில்

ஸ்ரீவில்லிபுத்தூர், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டிய ஊர். அங்கே வடபத்திரசாயி கோவில் இருக்கிறது. அதன் கோபுரம் 11 நிலை கொண்டது. உயரம் 192 அடி.

அந்தக் கோவிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்து வந்தார் விஷ்ணுசித்தர். அவரே பெரியாழ்வார். பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒருவர். நந்தவனம் அமைத்து, தண்ணீர் ஊற்றி, பூப் பறித்து, மாலை தொடுப்பதே அவருக்கு வேலை.

ஆடி மாதம் பூர நட்சத்திரத்தில், அந்த நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தையை அவர் கண்டெடுத்தார் என்று வைணவ நூல்கள் கூறுகின்றன. குழந்தைக்குக் கோதை என்று பெயர் வைத்தார். தம் மகளாகவே வளர்த்தார்.

ஆண்டாள் வாழ்ந்த காலம் கி.பி. 8 அல்லது 9-ம் நூற்றாண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

அப்பா பாடிய பாட்டு

கோதை பாட்டுக் கேட்டு வளர்ந்த பெண். வீட்டிலேயே பெரிய பாட்டுக்காரர் இருந்தார்.

பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடினார். யசோதை என்ற தாயாகத் தம்மை நினைத்துக்கொண்டு பாடினார். தொட்டிலில் போட்டுத் தாலாட்டினார். நிலாவைக் காட்டி, விளையாட வரும்படி அழைத்தார். காது குத்தக் கூப்பிட்டார். குளிக்கக் கூப்பிட்டார். தலை வாரிவிட வரும்படி காக்கையை அழைத்தார். விதவிதமான பூக்களின் பெயரைச் சொல்லி, சூடிக்கொள்ள வா என்று கண்ணனைக் கெஞ்சினார்.

இவை எல்லாம் எங்கிருந்து வந்தன? வீட்டுத் திண்ணையில் தாய்மார் பாடும் பாட்டுகளிலிருந்து வந்தன. பெண்கள் உந்தி பறந்து ஆடும் விளையாட்டுப் பாட்டைக்கூட அவர் விடவில்லை. அதையும் எடுத்துக்கொண்டார். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் பெரியாழ்வார் பாட்டுகள் 473 இருக்கின்றன.

ஊரார் பாடும் பாட்டை எடுத்து உயர்ந்த பாட்டாக ஆக்க முடியும் என்பதைக் கோதை தன் தகப்பனாரிடமே கற்றுக்கொண்டாள்.

கிணற்றில் பார்த்த முகம்

பெரியாழ்வார் தினந்தோறும் மாலை கட்டிக் கூடையில் வைப்பார். அவர் வெளியே போனதும், கோதை அந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள். கிணற்றுத் தண்ணீரில் தன் உருவத்தைப் பார்ப்பாள். கண்ணனுக்கு நான் பொருத்தமாக இருக்கிறேனா என்று பார்ப்பாள். பிறகு மாலையைக் கழற்றிக் கூடையிலே வைத்துவிடுவாள்.

ஒரு நாள் பெரியாழ்வார் இதைக் கண்டுவிட்டார். மனம் பதறினார். சாமிக்குரிய பூவை மனிதர் முகர்வதே தவறு. மகள் சூடிய மாலையைச் சாமிக்கு எப்படிச் சார்த்துவது? மகளைக் கண்டித்தார். அன்று மாலை இல்லாமலேயே கோவிலில் பூசை நடந்தது.

அன்றிரவு திருமால் அவர் கனவில் தோன்றினார் என்றும், கோதை சூடிய மாலைதான் தமக்கு வேண்டும் என்று கேட்டார் என்றும் வரலாறு கூறுகிறது. அது முதல் அவளுக்குச் சூடிக் கொடுத்த சுடர்க்கொடி என்று பெயர் வந்தது. அவள் முகம் பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு இன்றும் கோவிலில் இருக்கிறது.

மாலைக்கு நடந்ததுதான் பாட்டுக்கும் நடந்தது. பிறர் தொடுத்த பாட்டை அவள் எடுத்தாள். தனக்குப் பொருந்துகிறதா என்று சூடிப் பார்த்தாள். அதன் பிறகே கொடுத்தாள்.

பாவைப் பாட்டு

மார்கழி மாதத்தில் கன்னிப் பெண்கள் விடியுமுன் எழுந்து, கூட்டமாகச் சென்று நீராடி, பாவை நோன்பு நோற்பது தமிழ் நாட்டுப் பழைய வழக்கம். மழை பெய்ய வேண்டும், நல்ல கணவன் கிடைக்க வேண்டும் என்பது நோன்பின் நோக்கம். பரிபாடல் என்ற பழந்தமிழ் நூலிலேயே, கன்னியர் வைகை ஆற்றில் நோன்பு நீராடிய செய்தி வருகிறது. சிவபெருமானைப் பாடிய மாணிக்கவாசகரும் இந்த நோன்பை வைத்தே திருவெம்பாவை பாடினார்.

இந்த நோன்புப் பாட்டைக் கோதை எடுத்துக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரையே கண்ணன் வாழ்ந்த ஆயர்பாடியாக நினைத்தாள். தோழிகளை ஆயர் பெண்களாக நினைத்தாள். கோவிலை நந்தகோபன் மாளிகையாக நினைத்தாள். முப்பது பாட்டுப் பாடினாள். அதுதான் திருப்பாவை.

கண்ணால் காணும் பாட்டு

திருப்பாவையைக் காதால் கேட்டால் கண்ணுக்குக் காட்சி தெரியும்.

முதலில் நோன்புக்கு அழைப்பு. அடுத்து நோன்பின் விதிகள். நெய் உண்ணக் கூடாது; பால் உண்ணக் கூடாது; மை இடக் கூடாது; பூ முடிக்கக் கூடாது. பிறகு மழை. மேகம் கடலில் இறங்கி நீரை மொண்டு, கறுத்து மேலே ஏறுகிறது. திருமாலின் சக்கரம் போல மின்னுகிறது. சங்கு போல முழங்குகிறது.

அதன் பிறகு தெரு. இன்னும் இருட்டு விலகவில்லை. பெண்கள் வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறார்கள். பத்துப் பாட்டில் பத்து வீடுகள்.

ஒரு வீட்டில், தயிர் கடையும் பெண்களின் நகைகள் ஒலிக்கின்றன. ஒரு பாட்டில் கீழ்வானம் வெளுக்கிறது. எருமைகள் பனிப் புல் மேயப் போகின்றன. இன்னொரு வீட்டில், எருமையின் மடியிலிருந்து பால் தானாகவே சொரிந்து வாசலைச் சேறாக்குகிறது. வேறொரு வீட்டின் புழக்கடையில், குளத்துப் பூக்களில் ஒன்று விரிகிறது, மற்றொன்று கூம்புகிறது. பத்தாவது வீட்டில் நாடகமே நடக்கிறது. வெளியே நிற்பவர்களும் உள்ளே படுத்திருப்பவளும் மாறி மாறிப் பேசிக்கொள்கிறார்கள்.

பத்து வீடுகளும் முடிந்ததும் நந்தகோபன் மாளிகை. வாயில் காப்போனைக் கேட்டு உள்ளே போகிறார்கள். நந்தகோபன், யசோதை, பலராமன், நப்பின்னை என்று ஒவ்வொருவராக எழுப்புகிறார்கள். கடைசியில் கண்ணன் எழுகிறான். மழைக் காலத்தில் குகையில் உறங்கிய சிங்கம் விழித்து, பிடரியைச் சிலிர்த்து வெளியே வருவது போல வருகிறான்.

வானம், தெரு, வீட்டு வாசல், மாளிகை, படுக்கை அறை என்று காட்சி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. தேர்ந்த படப்பிடிப்பாளர் செய்கிற வேலை இது. கருவி இல்லாமல், பாட்டுக்கு எட்டே அடியில், ஒரு பெண் செய்தாள்.

இந்தக் காட்சிகளை அவள் ஏட்டிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. மாடும் மோரும் குருவியும் அவளைச் சுற்றி இருந்தவை.

தகப்பனும் மகளும்

ஆண்டாள் பாடிய மற்றொரு நூல் நாச்சியார் திருமொழி. அதில் 143 பாட்டுகள் இருக்கின்றன.

இங்கேயும் ஊர்ப் பெண்களின் வழக்கங்களே வருகின்றன. ஆற்று மணலில் கட்டிய சிறு வீட்டைக் கண்ணன் காலால் அழிக்க வருகிறான். வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைந்து, முனைகள் கூடினால் காதலன் வருவான் என்று குறி பார்க்கிறார்கள்.

தகப்பனார் காக்கையை அழைத்தார். மகள் குயிலை அழைத்தாள். கண்ணன் வரும்படி கூவு என்று அதனிடம் கேட்டாள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பெரியாழ்வார் பெண்ணாகப் பாட, தாய் வேடம் போடவேண்டியிருந்தது. ஆண்டாளுக்கு வேடம் தேவைப்படவில்லை. அவளே பெண். அவளுடைய ஆசையை அவளே பாடினாள். ஆழ்வார்களில் பெண் அவள் ஒருத்திதான்.

கற்ற இடத்தை அவள் மறைக்கவும் இல்லை. வில்லிபுத்தூர் விஷ்ணுசித்தரின் மகள் கோதை பாடியது என்று, பாட்டின் முடிவில் தகப்பனார் பெயரையும் சேர்த்தே சொன்னாள்.

கல்யாணக் கனவு

மகளுக்கு வயது வந்தது. பெரியாழ்வார் மாப்பிள்ளை தேட நினைத்தார். மகளோ மனிதர் யாரையும் மணக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். மனிதருக்கு என்று பேச்சு எழுந்தாலே உயிர் வாழ மாட்டேன் என்று பாட்டிலும் பாடிவிட்டாள்.

பெற்றவர் என்ன செய்வார்? திருமாலைத்தான் மணப்பேன் என்கிறாள் மகள். ஊர் என்ன சொல்லும்? திருமால் கோவில் கொண்டிருக்கும் ஊர்களின் பெருமையை எல்லாம் அவர் மகளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் ஸ்ரீரங்கத்து ரங்கநாதரைத் தேர்ந்தெடுத்தாள்.

தன் கல்யாணத்தை அவள் கனவாகக் கண்டு பாடினாள். ஊரெங்கும் தோரணம். ஆயிரம் யானை சூழ மாப்பிள்ளை வருகிறான். பந்தலில் கை பிடிக்கிறான். தீயை வலம் வருகிறார்கள். அம்மி மிதிக்கிறாள். பொரி இடுகிறாள். நம் வீடுகளில் நடக்கிற கல்யாணம்தான். வைணவக் குடும்பங்களின் திருமணங்களில் இந்தப் பாட்டுகளை இன்றும் பாடுகிறார்கள்.

ரங்கநாதரின் கட்டளைப்படி ஸ்ரீரங்கத்திலிருந்து பல்லக்கு வந்தது என்று வரலாறு கூறுகிறது. கோதை மணப்பெண்ணாகப் போனாள். சந்நிதிக்குள் நுழைந்தாள். இறைவனோடு கலந்துவிட்டாள். பெரியாழ்வார் மகள் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினார்.

ஆண்டாளிடம் கற்றவர்கள்

பிறரிடம் கற்ற ஆண்டாளிடம், பின்னால் வந்தவர்கள் கற்றார்கள்.

வைணவப் பெரியார் ராமானுஜர் திருப்பாவையில் ஆழ்ந்து கிடந்ததால், திருப்பாவை ஜீயர் என்றே பெயர் பெற்றார்.

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டவர். அவர் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்ற காவியமாகப் பாடினார். சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பதே அந்தப் பெயரின் பொருள். தமிழ்ப் பெண்ணின் கதையைக் கற்று, அரசர் தம் மொழியில் தம் காவியத்தை அமைத்தார்.

அந்தக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். ராஜபாளையம் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜு குடும்பங்கள் நிறைந்த ஊர். அவ்வூரைச் சேர்ந்த பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா ஆமுக்தமால்யதாவைத் தமிழாக்கினார். ஆண்டாளின் கதை தெலுங்குக்குப் போய், நூற்றாண்டுகள் கழித்து அவள் ஊருக்குப் பக்கத்திலேயே தமிழாகத் திரும்பியது.

சங்கீத வித்துவான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவைப் பாட்டுகளுக்கு ராகம் அமைத்தார். 1968-ல் வெளிவந்த ஏ. பி. நாகராஜனின் திருமால் பெருமை படத்தில் சிவாஜி கணேசன் பெரியாழ்வாராக நடித்தார். தாய்லாந்தில் அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் விழாவுக்குத் திரியம்பாவை, திரிபாவை என்று பெயர். திருவெம்பாவை, திருப்பாவை என்ற தமிழ்ப் பெயர்களே அப்படி மாறின என்பது அறிஞர்கள் கருத்து.

வாடாத மாலை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப் பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடுகிறது. அவள் கையில் இருக்கும் கிளியை இலையாலும் பூவாலும் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். பழைய கிளியை மறுநாள் வைப்பதில்லை. வடிவம் பழையது. இலை அன்றன்று பறித்தது.

புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும், சித்திரையில் மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாலை போகிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை அது. ஒருவர் சூடியதால் அதன் பெருமை குறையவில்லை, கூடியிருக்கிறது.

பிறர் தோட்டத்துப் பூவைப் பறித்து அப்படியே கூடையில் போடுபவர் பலர் உண்டு. ஆண்டாள் அதைத் தன் கழுத்தில் போட்டு, தன் முகத்தோடு சேர்த்துப் பார்த்தாள். அதனால்தான் மார்கழி விடியலில் அவள் பாட்டு இன்னும் கேட்கிறது.