சிறையிருந்த போயத்தியர் வரலாறு

எல்லாம் அறியும் இறைவன் ஒருவன் உளன் என்று கொள்ளும் சமயத்தார் அனைவரையும் எதிர்நோக்கி நிற்பதொரு வினா உண்டு. ஒருவன் நாளைச் செய்யப்போவதை இறைவன் இன்றே ஐயமின்றி அறிவனாயின், அதனைச் செய்யாதொழிதற்கு அவனுக்கு இடம் உண்டோ? இடம் இல்லையாயின், அச்செயலின் பழி அவனைச் சாருமாறு யாங்ஙனம்? கிறித்தவ உலகில் இவ்வினாவை ஆராய்ந்தோர் பலர். அவருட் பெரும்பாலார் மடத்திலும் கல்விக்கழகத்திலும் அமைதியுற அமர்ந்து ஆராய்ந்தவர். உரோமாபுரியிற் பிறந்த போயத்தியர் என்பாரோ, கொலைத்தண்டம் விதிக்கப்பெற்றுச் சிறையிற் கிடந்தபொழுது ஆராய்ந்தார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். அதனை அறியாக்கால் அவர் கண்ட விடையின் வலிமை நன்கு விளங்காது என்பது எம் கருத்து.

போயத்தியர் 480-ஆம் ஆண்டளவில் அனீசியர் என்னும் பழங்குடியில் தோன்றினார். மேலை உரோமப் பேரரசு அதற்குச் சிறிது முன்னர், 476-இல், வீழ்ந்துபட்டது. 493 முதல் இத்தாலி நாட்டை ஆண்டவன் கோத்தர் குலத்துத் தியோதோரிக்கு என்னும் மன்னன். போயத்தியரின் தந்தையார் 487-இல் கான்சல் என்னும் உயர்பதவி வகித்தவர். மைந்தர் இளையராயிருக்கும்போதே இறந்தார். சிம்மாக்கசு என்னும் சான்றோர் அம்மைந்தரைத் தம் மனையில் வளர்த்துக் கலைபயிற்றித் தம் மகளாரையும் மணஞ்செய்து கொடுத்தார்.

அக்காலத்தே மேலைநாட்டில் கிரேக்கமொழிப் பயிற்சி நாளடைவில் அருகிவந்தது. பிளேட்டோ, அரிசுட்டாட்டில் என்னும் இருபெரும் ஆசிரியர் நூல்களையும் இலத்தீனில் மொழிபெயர்த்து, இருவர் கொள்கையும் முதன்மையான பொருள்களில் முரணா எனக் காட்டவும் போயத்தியர் துணிந்தார். அவரால் முடிக்கப்பெற்றவை அரிசுட்டாட்டிலின் அளவை நூல்களும் அவற்றின் உரைகளுமே. ஆயினும் 12-ஆம் நூற்றாண்டுவரை மேலை ஐரோப்பியர் அளவை நூல் கற்றது பெரும்பாலும் அவர்தம் நூல்களைக் கொண்டே என்றால், அவ்வுழைப்பின் பயன் விளங்கும். எண்ணூலும் இசைநூலும் இயற்றியதோடு, கடவுள் ஒருவராயும் மூவராயும் இருத்தலைப் பற்றியும் கிறித்துவின் ஈரியல்பைப் பற்றியும் சமய நூல்கள் எழுதினார். இச்சமய நூல்கள் அவருடையனவோ என ஐயுற்றார் உளர். 1877-இல் வெளியிடப்பெற்ற காசியோதோரரின் பழங்குறிப்பொன்று அவ்வையத்தை அகற்றிற்று.

பர்கண்டியர் மன்னனுக்குப் பரிசாக அனுப்புதற்கு நீர்க்கடிகாரம் ஒன்றும் நிழற்கடிகாரம் ஒன்றும் அமைத்துத் தருமாறு தியோதோரிக்கு இவரையே வேண்டினன். காலத்தை அளக்கும் கருவிக்காக அன்று நாடப்பட்ட இப்பெரியார், காலத்தைக் கடந்த அறிவு எத்தகைத்து எனப் பின்னர்ச் சிறையிலிருந்து ஆராய நேர்ந்தது.

510-இல் இவர் கான்சல் ஆயினார். 522-இல் இவர்தம் மைந்தர் இருவரும் ஒருங்கே அப்பதவி பெற்றனர். அவ்வாண்டளவிலேயே இவரும் இரவென்னா நகரத்து அரண்மனையில் அலுவலாளர்க்கெல்லாம் தலைவராக அமர்ந்தார். செல்வமும் சீரும் இதற்குமேற் செல்லற்கு இடமில்லை. வீழ்ச்சியும் அங்கிருந்தே தொடங்கிற்று.

தியோதோரிக்கு அரியுசு என்பார் கொள்கையைத் தழுவிய கிறித்தவன். உரோமரோ அக்கொள்கையை மறுப்பவர். நெடுநாட் பிரிந்திருந்த உரோமாபுரித் திருச்சபையும் கான்சுதாந்திநோபிள் திருச்சபையும் 519-இல் ஒன்றுபட்டமையால், உரோமர் கீழைப் பேரரசனை நாடுவரோ என்னும் ஐயம் மன்னன் நெஞ்சில் வளர்ந்தது. அந்நிலையில் அல்பீனசு என்னும் மூதவை உறுப்பினர், பேரரசன் யுசுத்தீனுக்கு மன்னனைப் பழித்துத் திருமுகம் விடுத்தார் எனச் சிப்பிரியன் என்பான் குற்றஞ்சாட்டினன். போயத்தியர் அவையில் எழுந்து அக்குற்றச்சாட்டுப் பொய் என்றார். அல்பீனசு குற்றவாளியாயின் தாமும் மூதவை முழுதும் குற்றவாளிகளே என்றும் மொழிந்தார். உடனே அப்பழி அவர்மேலும் திரும்பிற்று. அரசத்துரோகத்தோடு மந்திரவித்தைக் குற்றமும் சேர்க்கப்பட்டது. எந்த மூதவையைக் காத்தற்கு எழுந்தனரோ, அம்மூதவையே அவர் சொல்லைக் கேளாது, அவர் எதிரில் இல்லாதபொழுது, தண்டம் விதித்தது.

அன்பர்கள் ஈண்டு ஒன்றனை உன்னுதல் வேண்டும். போயத்தியர் அன்று வாய்வாளாது இருந்திருக்கலாம். இருந்திருப்பின் பதவியும் உயிரும் எஞ்சியிருக்கும். அவர் எழுந்து பேசியது அவர்தம் செயலே. அஃது அவர் செயலன்று, என்றோ வகுக்கப்பட்டதன் நிகழ்ச்சியே எனின், அவர் வாய்மையும் அவரதன்று. பொய்ச்சான்று கூறினார் பொய்ம்மையும் அவரதன்று. இதனாலன்றோ அவ்வினா அவர்க்கு வெறுஞ் சொற்போராகாது உயிர்ப்பொருள் ஆயிற்று!

வட இத்தாலியிலுள்ள பாவியா என்னும் ஊரில் காவலிலிருந்தபொழுது அவர் எழுதியது ‘தத்துவத்தின் ஆறுதல்’ என்னும் பொருள்படும் நூல். ஐந்து பகுதியாய், உரைநடையும் செய்யுளும் மாறிமாறி வர அமைந்தது. தத்துவமே ஒரு பெருமாட்டியின் வடிவில் சிறையுட்புகுந்து அவரோடு உரையாடுகின்றது. திருமகள் நிலையாமையும், உண்மை இன்பம் கடவுளே என்பதும், தீயோர் வலியரல்லர் என்பதும் முதல் நான்கு பகுதிகளிற் பேசப்படுகின்றன. ஐந்தாம் பகுதியில் எம் வினா எழுகின்றது.

கடவுள் அனைத்தையும் முன்னறிவர். அவர் அறிவு பிழையாது. ஆகவே முன்னறியப்பட்டது நிகழாமற் போகாது. அற்றேல் உயிர்க்குச் சுதந்தரம் இல்லை; நல்லோர்க்குப் பரிசும் தீயோர்க்குத் தண்டமும் முறையாகா; தீமையும் கடவுள்மேற் சாரும்; இறைவனை நோக்கிய வேண்டுகோளும் வீணாம். இவ்வாறு போயத்தியர் தம் பக்கத்து ஆசங்கையைச் சிறிதும் மழுக்காது எடுத்துரைக்கின்றார். நிகழவிருத்தலாற்றான் கடவுள் அறிகின்றார் எனச் சிலர் கூறும் விடையையும் அவர் ஏற்றிலர்; காலத்திற்குட்பட்ட நிகழ்ச்சி காலங்கடந்த அறிவிற்குக் காரணமாதல் பொருந்தாது என்பது அவர் மறுப்பு.

பெருமாட்டி கூறும் விடை வருமாறு. அறிவு அறியப்படும் பொருளின் இயல்பை அன்று, அறிவானது இயல்பையே பற்றி நிற்கும். புலன் ஒருவகையாகவும், கற்பனை ஒருவகையாகவும், பகுத்தறிவு ஒருவகையாகவும், அவற்றின் மேலாய கடவுளறிவு பிறிதொருவகையாகவும் ஒரு பொருளையே அறியும். கடவுள் காலத்தில் நீண்டு வாழ்பவர் அல்லர். எல்லையில்லா வாழ்வு முழுதையும் ஒருங்கே உடையவர். நமக்கு நேற்றும் நாளையுமாய்ப் பிரிவன அவர்க்கு ஒரே நிகழ்காலம். ஆகலின் அவரறிவை முன்னறிவு என்னலினும் என்றும் கழியாத காட்சி என்னலே தகும். ஒருவன் நிலத்தில் நடத்தலையும் ஞாயிறு வானில் எழுதலையும் நாம் ஒருங்கே காண்கின்றோம். ஞாயிறு எழுதல் நியதியான் ஆவது; அவன் நடத்தல் அவன் விருப்பான் ஆவது. நாம் காணுங்கால் அவன் நடக்கின்றான் என்பது திண்ணமே. எனினும் நம் காட்சி அவன் காலைத் தள்ளிற்றில்லை. கடவுட்காட்சியும் அத்தகைத்து. ஆதலின் உயிர் தன்விருப்பான் இயங்கும், வேண்டுகோள் வீண்போகாது, யாவற்றையும் காணும் நீதிபதியின் கண்முன்னர் வாழ்கின்றோம் ஆதலின் நன்னெறி நிற்றல் கடன். இவ்வளவில் நூல் முடிகின்றது.

கேளாது தண்டித்த நீதிபதிகளால் மடிபவர், அனைத்தையும் கண்டிருக்கும் நீதிபதி ஒருவர் உளர் என்று முடித்தமை நோக்கத்தக்கது. நூல் முழுதும் கிறித்துவின் பெயர் வாராமை கண்டு வியந்தாரும் உளர். 524-ஆம் ஆண்டளவில் போயத்தியர் கொல்லப்பட்டார். சின்னாளில் சிம்மாக்கசும் கொல்லப்பட்டார். 526-இல் தியோதோரிக்கும் இறந்தான்.

அவர்தம் நூல் இறவாது நின்றது. ஆங்கில மன்னர் ஆல்பிரெடும், புலவர் சாசரும், 1593-இல் அரசி எலிசபெத்தும் அதனைத் தம் மொழியில் ஆக்கினர். அக்குவினாசு தோமையார் நித்தியத்தின் இலக்கணத்தை அந்நூலினின்றே எடுத்தாண்டார். எனினும் வழக்கு ஓய்ந்ததில்லை. லூதர் 1525-இல் கடவுளறிவின் திண்மையைக் கொண்டே உயிரின் சுதந்தரத்தை மறுத்தார். மோலினா 1588-இல் இரண்டையும் பொருத்த வேறொரு வழி வகுத்தார்.

எமக்கும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. பேதுரு தம்மை மும்முறை மறுதலிப்பார் எனக் கிறித்து அவரிடமே முன்கூட்டி உரைத்ததாக அவர்தம் மறைநூல் கூறும். கடவுளறிவு காலங்கடந்ததாயினும், உரைத்த அவ்வுரை காலத்துள் நிகழ்ந்து கழிந்ததன்றே? கழிந்த உரையைப் பொய்யாக்கும் வன்மை பேதுருவுக்கு இருந்ததோ? கண்டிருத்தல் என்னும் விடை, கண்டதைச் சொல்லியவிடத்துப் போதியதாகத் தோன்றவில்லை. நம் சமய நூற்கொள்கையோடு இதனை ஒப்புநோக்கல் கற்றோர் கடன். ஈண்டு யாம் அதனிற் புகுந்திலேம்.

பாவியாவிலுள்ள தூய பேதுரு கோயிலில் போயத்தியர் என்பு வைக்கப்பட்டுள்ளது. அவர்க்குமுன் இதே வினாவை ஆராய்ந்த அகுசுதீனார் என்பும் அக்கோயிலிலேயே உளது. 1883-இல் உரோமாபுரித் தலைமை அவ்வூரார் அவரைப் புனிதராகப் போற்றும் வழிபாட்டை உறுதிசெய்தது. விடையிற் குறை காண்பாரும், உயிர்போம் வேளையில் வினாவை மழுக்காது கேட்ட அவர் நேர்மையிற் குறை காணார்.