தோட்டத்தைத் தொழிலாளர்க்கு ஆக்கிய அமைச்சர்

தீபாவளிக்குப் புத்தாடை வாங்க மஸ்ஜித் இந்தியாவுக்குச் செல்லும் நம் தோட்டத்துக் குடும்பங்கள் பிரிக்பீல்ட்சுக்கும் சென்று வருவதுண்டு. அங்குள்ள பெருஞ்சாலைக்குத் துன் சம்பந்தன் சாலை என்று பெயர். அப்பெயருக்குரிய பெருமகனாரின் வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

வீ. தி. சம்பந்தனார் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி ரப்பர்த் தோட்ட உரிமையாளர். மகனார் கோலகங்சாரில் பயின்று, பின்னர்ச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்றார். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்ததற்கு அவரே காரணர். நேருவின் தங்கையார் விஜயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார்.

1955இல் ம.இ.கா.வின் தலைவரானார். அவ்வாண்டே தேர்தலில் வென்று தொழில் அமைச்சரானார். பின்னர்ச் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை எனப் பல துறைகளை ஏற்றார். பதவிகளின் பட்டியல் நீளமானதே. ஆயினும் அவரை நாம் நினைப்பது அவற்றுக்காக அன்று.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கிய தரகர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக்கி விற்றனர். பெருந்தோட்டமாய் இருந்தவரை குடியிருப்பு, குடிநீர், மருந்தகம், பள்ளி ஆகியவற்றை நிர்வாகம் பேணிற்று. ஐந்து ஏக்கரும் பத்து ஏக்கரும் வாங்கியவர்க்கு அக்கவலை ஏது? பால்வெட்டும் போயிற்று, வீடும் போயிற்று. இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து அறிக்கையும் வெளியிட்டது.

அறிக்கை வரும்வரை சம்பந்தனார் காத்திருக்கவில்லை. 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே சேர்ந்து வாங்குவது அதன் நோக்கம். ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. அதனைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். நாட்கூலியாகச் சில வெள்ளியே கண்ட அந்நாளில் பத்து வெள்ளி சிறு தொகையன்று. கூலிக்காரர் பணம் கூடித் தோட்டம் வாங்குமா என்று நகைத்தோரும் உண்டு. அமைச்சரோ தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடையே பேசினார். தோட்ட உரிமையாளரின் மகன் தொழிலாளரை உரிமையாளராக்க அலைந்ததை எண்ணி நாம் வியக்கின்றோம்.

முதலில் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. பிற தோட்டங்கள் தொடர்ந்தன. எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காக்க இயலவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். துண்டாடலில் சிக்கிப் பட்டணத்துப் புறம்போக்குகளில் குடியேறிய குடும்பங்கள் பல.

1973இல் கட்சித் தலைமையினின்று விலகிய அவர், 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் மறைந்தார். சங்கம் அவருக்குப் பின்னும் நிலைத்தது. ரப்பர் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கின்றது.

பெற்றோரே, தாத்தா பாட்டி வாங்கிய பழைய பங்குப் பத்திரம் உங்கள் இல்லத்துப் பெட்டியடியில் இருக்கக்கூடும். இருப்பின் எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அதிலுள்ள பெயரை அவர்களே படிக்கட்டும்.