விக்கோ என்னும் பெயரும் பாலி ஏடுகளை அச்சேற்றிய பெரியாரும்

டென்மார்க்கு தேசத்தில் ஆண்மக்களுக்கு இட்டு வழங்கும் பழம்பெயர்களுள் விக்கோ என்பது ஒன்று. அண்டை நாடுகளாகிய நார்வேயிலும் சுவீடனிலும் இப்பெயர் வழக்கில் உண்டு. போர் என்று பொருள்படும் அந்நாட்டுப் பழஞ்சொல் ஒன்றிலிருந்து இது பிறந்ததென்பர். அப்பெயர் தாங்கிய ஒரு பெரியார் இல்லாதிருந்தால், நாம் நாடோறும் ஓதும் தம்மபதம் அச்சுப் புத்தகமாக நம் கைக்கு வந்த வழி வேறாக இருந்திருக்கும். ஆதலின் அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். அதற்கு முன் அந்தப் பெயரின் கதையைக் கேட்டருள்க.

1200ஆம் ஆண்டையொட்டி சாக்ஸோ என்னும் அறிஞர் தேனியரின் பழங்கதைகளை இலத்தீன் மொழியில் திரட்டி எழுதினார். அதில் ரோல்ப் என்னும் அரசன் வருகின்றான். மிக நெடிய உடல் படைத்தவன். எளிய இளைஞனாகிய விக்கோ அவனைக் கண்டு வியந்து, கிளைகளை அரைகுறையாகத் தறித்து ஏணியாகச் சார்த்தும் மரத்தின் பெயரால் அவனைக் கிராக்கே என்று வேடிக்கையாக அழைத்தான். அரசன் சினவாமல், பெயரிட்டமைக்குப் பரிசாகக் கனத்த காப்பு ஒன்றை அளித்தான். விக்கோ அதை வலக்கையில் அணிந்து உயர்த்திக் காட்டி, வெறுமையாயிருந்த இடக்கையை நாணத்தால் முதுகுப்புறம் மறைத்துக்கொண்டான். அரசன் நகைத்து மற்றொன்றும் தந்தான். இவ்வரசன் எவனாலேனும் கொல்லப்படின் பழி வாங்குவேன் என்று விக்கோ அன்று சூளுரைத்தான். பின்னர் அரசன் தன் மைத்துனனாலேயே வஞ்சகமாக வீழ்த்தப்பட்டான். வீரர் யாவரும் மடிந்தனர். எஞ்சியவன் விக்கோ ஒருவனே. வென்றவன் அவனைத் தன் ஏவலனாக ஏற்க வாளை நீட்டினான். நுனியைத் தொட மறுத்து, பிடியைத் தருமாறு கேட்டு வாங்கிய விக்கோ, அதே வாளை அவன் மார்பிற் பாய்ச்சிவிட்டு, சூழ்ந்த பகைவரின் வாள்களுக்குத் தன் உடலையும் மகிழ்ந்து ஈந்தான். வடபுலத்தார் இதனை நன்றி மறவாமைக்குச் சான்றாகப் போற்றுவர். பௌத்தராகிய நாம் நன்றியைப் போற்றுவோம். பழி வாங்கியதைப் போற்ற இயலாது.

அப்பெயர் இட்டுக்கொண்ட பிற்காலத்தார் பலர். 1884இல் கோபன்ஹேகனில் பொலிட்டிக்கன் என்னும் நாளிதழைத் தொடங்கியவர்களுள் ஒருவரும், கோட்டை கட்டிப் படை பெருக்குவதை எதிர்த்து வாதாடியவருமாகிய விக்கோ ஹோருப். ஓவியர் விக்கோ யோஹான்சன். இரட்டைப் பகா எண்களைப் பற்றிய தேற்றத்தை 1919இல் நாட்டிய நார்வே கணித அறிஞர் விக்கோ புரூன். 1960 முதல் 1962 வரை டென்மார்க்கின் பிரதம மந்திரியாயிருந்த விக்கோ காம்ப்மன். இக்காலத் திரைப்பட நடிகர் ஒருவரையும் இளைஞர் அறிவர். இவர்களை இவ்வளவில் நிறுத்தி, நம் பெரியாரிடம் வருவோம்.

மிக்கேல் விக்கோ ஃபௌஸ்போல் 1821ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், ஜட்லண்டுத் தீபகற்பத்தின் மேற்கே லெம்விக் நகரை அடுத்த ஹோவெ என்னும் சிற்றூரில், பாதிரியார் இல்லத்திற் பிறந்தார். அதே 1821ஆம் ஆண்டில், அக்குழந்தையைப் பற்றி ஏதும் அறியாத மற்றொரு டேனியர் இலங்கையிற் கொழும்பு நகரில் வந்திறங்கியிருந்தார். அவர் பெயர் ராஸ்முஸ் ராஸ்க். மொழிகளின் உறவை ஆராய்வதற்காக ருசியா, பாரசீகம், இந்தியா ஆகிய நாடுகளைக் கடந்து வந்தவர். சிங்கள எழுத்தையும் பாலி மொழியையும் அங்கே பயின்று, பனையோலைச் சுவடிகளைத் திரட்டி, 1823இல் கோபன்ஹேகன் சேர்ந்தார். அவ்வேடுகள் அரசாங்க நூலகத்தில் வைக்கப்பட்டன. ராஸ்க் 1832இல் காலமானார். ஏடுகள் காத்திருந்தன.

ஃபௌஸ்போல் கோபன்ஹேகன் சென்று தந்தையின் வழியே இறையியல் கற்றுத் தேறினார். ஆயினும் பாதிரிப் பதவியை நாடினாரில்லை. அங்கே வெஸ்டர்கார்டு என்னும் பேராசிரியர் சமஸ்கிருதம் கற்பித்து வந்தார். அரசாங்க நூலகத்திலிருந்த இந்திய ஏடுகளுக்கு 1846இல் அட்டவணை வெளியிட்டவரும் அவரே. அம்மொழிக் கல்வி இவரைப் பற்றியது. ராஸ்க் கொணர்ந்த ஓலைகளை அவிழ்த்து வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிக்கலானார். அக்காலத்தில் பாலிக்கு அகராதி இல்லை. சில்டர்ஸ் என்பார் தொகுத்த அகராதி 1872இல்தான் வெளிவரத் தொடங்கியது. இலக்கணமோ மிகச் சிறிதே அச்சாகியிருந்தது.

ஏடு படிப்பதென்றால் என்னவென்று அன்பர்கள் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். ஓலையில் சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. வரி முழுவதும் ஒரே தொடராக ஓடும். சிங்கள எழுத்தில் தகரமும் நகரமும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. சகரமும் வகரமும் அவ்வாறே. படியெடுத்தவர் உறக்கத்தில் ஓரெழுத்தை மாற்றியிருப்பார். அவரைப் பார்த்து எழுதியவர் அப்பிழையைத் திருத்துவதாக எண்ணி இன்னொன்றைச் சேர்த்திருப்பார். பஞ்சாலையில் சைடராக நின்று, ஓடும் கதிர்களுக்கிடையே அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிந்துகொண்டே பல்லாண்டு கழித்த எமக்கு இப்பணியின் அருமை சற்றே விளங்குகின்றது. அறுந்த இழை தானாகச் சொல்லாது. கண்தான் காண வேண்டும். வேறிழையோடு முடிந்துவிட்டாலோ துணி முழுவதும் கெடும். ஃபௌஸ்போல் மூன்று ஏடுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டார். எது சரியான பாடமெனத் தாம் கண்டாரோ அதை மேலே இட்டு, மற்றப் பாடங்களைக் கீழே குறித்தார். தம் தீர்ப்பைப் பிறர் சோதித்தறிய வழி விட்டு வைத்தார் என்பதே இதன் கருத்து.

1855இல் கோபன்ஹேகனில் அந்நூல் வெளிவந்தது. தம்மபதத்தின் 26 அத்தியாயங்களும் 423 செய்யுட்களும் உரோமன் எழுத்தில். ஒவ்வொன்றுக்கும் இலத்தீன் மொழிபெயர்ப்பு. பின்னே பாலி உரையிலிருந்து எடுத்த பகுதிகள். அவருக்கு அப்போது வயது 34 நிறையவில்லை. அந்த உரையை மரபாக ஆசாரியர் புத்தகோசர் பெயரால் வழங்குவர்; புத்தகோசர் காஞ்சியில் தங்கியிருந்தவர் என்பதையும் நம்மவர் மறத்தலாகாது.

இலத்தீனில் எழுதியது அக்காலக் கற்றோர் வழக்கம். எல்லாத் தேசத்துப் பண்டிதரும் அதைப் படிப்பர். ஆனால் கோபன்ஹேகன் துறைமுகத்துக் கூலியாள் அதைப் படித்திருக்க மாட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் அந்நூலைப் படித்தவர் சும்மா இருக்கவில்லை. வேபர் 1860இல் ஜெர்மன் மொழியிலும், மாக்ஸ் முல்லர் 1870இல் ஆங்கிலத்திலும் தம்மபதத்தைப் பெயர்த்தனர். அவ்வாங்கிலத்தின் வழியாகப் பின்னர் அது எத்தனையோ நாட்டு மொழிகளிற் புகுந்தது. அதன் முதல் அத்தியாயத்தில் பகையைப் பற்றிய செய்யுள் எது கூறுகின்றதென்று நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். பழி தீர்த்த விக்கோவின் பெயரைத் தாங்கியவரே அச்செய்யுளை ஐரோப்பாவில் அச்சேற்றினார் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பாகவே இருக்கின்றது.

பெரும்பணி செய்தார் என்பதற்காக உயர்பதவி உடனே வந்துவிடவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் பணியாளராகப் பல்லாண்டு உழைத்தார். இடையிடையே ஜாதகக் கதைகளில் ஐந்தும் பத்துமாக எடுத்து வெளியிட்டார். 1871இல் தசரத ஜாதகத்தைத் தனி நூலாக அச்சிட்டார். இதைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

அக்கதையில் தசரதன் காசி வேந்தன். இராமனும் இலக்குவனும் சீதையும் அவனுக்கு ஒரே தாய் வயிற்று மக்கள். இளைய மனைவி தன் மகனுக்கு அரசு கேட்டு நெருக்கவே, மக்களுக்குத் தீங்கு நேருமோவென அஞ்சிய தந்தை, பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்து அரசைப் பெறுமாறு கூறி அவர்களை வனத்துக்கு அனுப்புகின்றான். ஒன்பதாம் ஆண்டில் தந்தை இறக்கின்றான். பரதன் வனம் வந்து செய்தி சொல்லுங்கால் தம்பியும் தங்கையும் கதறி வீழ்கின்றனர், இராமன் கலங்கவில்லை. பிறந்தவை எல்லாம் நிலையாதவை என்பதை அவர்களுக்கு எடுத்துரைத்துத் துயர் தணிக்கின்றான். தந்தை சொன்ன காலம் முடிய இன்னும் மூன்றாண்டு உண்டென்று, தன் புல்மிதியடிகளைக் கொடுத்தனுப்புகின்றான். அமைச்சர் அவற்றை அரியணையில் வைத்து வழக்குத் தீர்ப்பர், தீர்ப்பு தவறாயின் மிதியடிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், சரியாயின் அசையாதிருக்கும். இராவணன் இதில் இல்லை. இலங்கைப் போர் இல்லை. இராமகதையின் பழைய வடிவம் எது என்று ஐரோப்பிய அறிஞரிடையே எழுந்த வழக்கில் இந்நூல் முதன்மையான சான்றாயிற்று. எது முந்தியது என்று தீர்ப்புச் சொல்வது எம் வேலையன்று. அரியணையில் வைத்த மிதியடி அநீதிக்கு மோதிக்கொண்டது என்ற இடத்தை மட்டும், தீர்ப்புக்காக வாயிலிற் காத்து நின்ற எளியவர் எவரும் எளிதில் மறக்கமாட்டார்.

1877இல் ஜாதகம் முழுவதையும் உரையோடு அச்சேற்றத் தொடங்கினார். 547 கதைகள். ஒவ்வொன்றிலும் பகவான் கதை சொல்ல நேர்ந்த காரணம், பழம்பிறப்பின் கதை, இடையே செய்யுட்கள், இறுதியில் அன்று அவன் இன்று இவன் என்னும் இணைப்பு. இலங்கை ஏடுகள் ஒரு பாடம் கூறும். பர்மிய ஏடுகள் வேறு கூறும். இரண்டையும் பிரித்துக் குறித்தார். இலங்கையில் வஸ்கடுவை சுபூதி மகாதேரர் ஐரோப்பியப் பாலி அறிஞர்களுக்குக் கடிதங்களாலும் ஏடுகளாலும் உதவியவர். ஃபௌஸ்போலும் அவ்வுதவியைப் பெற்றவரே. காவியுடுத்த ஒரு பிக்குவும், குளிர்நாட்டில் நூலகப் படிகளில் ஏறியிறங்கிய ஒரு டேனியரும் கடல் கடந்து ஓரேட்டின் மேல் குனிந்திருந்தனர் என்று கொள்ளலாம். ஆறாம் பாகம் 1896இல் முடிந்தது. தொடங்கியபோது ஐம்பத்தைந்தை அடைந்திருந்தவர், முடித்தபோது எழுபத்தைந்தை எட்டியிருந்தார். சொல்லடைவாகிய ஏழாம் பாகத்தை டைன்ஸ் ஆண்டர்சன் 1897இல் வெளியிட்டார். கவெல் தலைமையில் ஆறு பாகங்களாக வந்த ஆங்கில ஜாதகம் இந்தப் பதிப்பைக் கொண்டே பெயர்க்கப்பட்டது.

இதற்கிடையே 1878இல் வெஸ்டர்கார்டு காலமாக, அவரிடத்தில் சமஸ்கிருதப் பேராசிரியராக ஃபௌஸ்போல் அமர்ந்தார். 1902வரை அப்பதவியில் இருந்தார்.

அவர் நமக்கு அளித்தவற்றுள் எம் நெஞ்சுக்கு மிக அணுக்கமானது சுத்த நிபாதம். இதில் ஒரு தமிழருக்கு முதலிடம் உண்டு. இலங்கைத் தமிழராகிய சர் முத்துக்குமாரசுவாமி, சைவராயினும் பாலி கற்று, சுத்த நிபாதத்தின் முப்பது சூத்திரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1874இல் இலண்டனில் வெளியிட்டார். கலைஞானி ஆனந்த குமாரசுவாமியின் தந்தையார் இவரே. ஃபௌஸ்போல் நூல் முழுவதையும் ஆங்கிலமாக்கினார். அது 1881இல் மாக்ஸ் முல்லரின் தம்மபதத்தோடு ஒரே புத்தகமாக வந்தது. மூலத்தையும் 1885இல் பாலி நூற் சங்கத்தின் வாயிலாகப் பதிப்பித்தார். விகாரைகள் பெருகுமுன்னர் காட்டிலும் மரநிழலிலும் தனித்துலவிய துறவிகளின் வாழ்வே இந்நூலில் தெரிகின்றது, ஆகவே இது சாசனத்தின் மிகப் பழைய நிலையைக் காட்டுவது என்று முன்னுரையிற் கருதினார்.

வசல சூத்திரமும் வாசெட்ட சூத்திரமும் இந்நூலில் உள்ளவை. பிறப்பால் ஒருவன் இழிந்தவனாவதுமில்லை, பிராமணனாவதுமில்லை என்னும் பொருளைப் பகவான் அங்கே விரித்துரைக்கின்றார். புல்லுக்கும் புழுவுக்கும் பறவைக்கும் பிறப்பிலேயே வேற்றுமைக் குறி உண்டு, மாந்தர்க்கு அஃதில்லை என்று காட்டுகின்றார். சண்டாளர் குலத்துதித்த மாதங்கர் பெருநிலை எய்திய செய்தியும் அங்கேயே வருகின்றது. எம் இளமையில் ஆலையின் தண்ணீர்ப் பானையைத் தொடவிடாது எம்மை விலக்கிய மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். அதற்கு விடை நூலில் இருக்கின்றது என்று எமக்கு அன்று தெரியாது; இருபதாண்டு கழித்து ஒரு பிக்கு வசல சூத்திரத்தை வாய்மொழியாகத் தமிழிற் சொல்லக் கேட்டே அறிந்தோம். அவர் கையிலிருந்தது ஆங்கிலப் புத்தகம்.

ஃபௌஸ்போல் தீட்சை பெற்ற உபாசகர் அல்லர், கல்வியாளர். சமயம் பரப்பும் நோக்கத்தால் அவர் இதைச் செய்யவில்லை. எழுத்து சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே செய்தார். அதனாலேயே அவர் பதிப்பைப் பௌத்தரும் பௌத்தரல்லாதாரும் ஒருங்கே நம்பினர். 1900இல் தம்மபதத்தின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். பதவியிலிருந்து ஓய்வுபெற்ற காலத்தையொட்டி மகாபாரதத்துத் தெய்வங்களைப் பற்றியும் ஒரு நூல் செய்தார். 1908ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், 86ஆம் வயதில் காலமானார்.

அவர் நண்பரும் பாலி அறிஞருமாகிய டிரெங்க்னர், 1891இல் இறந்தபோது, அகராதிக்கென்று எழுதிச் சேர்த்த சொற்குறிப்புகளை விட்டுச் சென்றிருந்தார். அவற்றை அடிப்படையாகக் கொண்டு கோபன்ஹேகனில் பாலிப் பேரகராதியின் முதற்பகுதி 1924இல் வெளிவந்தது. டைன்ஸ் ஆண்டர்சனும் ஹெல்மர் ஸ்மித்தும் தொடங்கிய அவ்வேலை, பல தலைமுறை அறிஞர் கைமாறி, 2011இல் நின்றது. அப்போது உயிரெழுத்துச் சொற்கள் முடிந்து, ககர வரிசையில் செய்விக்கிறான் என்று பொருள்படும் காரேதி என்னும் சொல்வரை அச்சாகியிருந்தது.