ஒரு சொல்லை நீக்கினார், ஒரு கோப்பைத் திறந்தார்: யூதர்களிடம் கை நீட்டிய போப் 23-ஆம் ஜான்

உங்கள் அலுவலகத்தில் பல வருஷமாகப் புழங்கும் கடித மாதிரி ஒன்றில் தப்பான வரி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் அது தெரியும். அதை எழுதியவர் இப்போது வேலையில் இல்லை. அதை ஆதரிப்பவர்களும் அதிகம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அதே வரியோடுதான் கடிதம் போகிறது. ஏன்? மாற்றச் சொல்வது யாருடைய வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

உலகின் மிகப் பழைய அமைப்புகளில் ஒன்றான கத்தோலிக்கத் திருச்சபையில் இப்படி ஒரு வரி நூற்றாண்டுகளாக இருந்தது. இயேசுவின் சிலுவை மரணத்தை நினைவுகூரும் புனித வெள்ளி வழிபாட்டில் பலருக்காகவும் மன்றாட்டுகள் உண்டு. யூதர்களுக்கான மன்றாட்டில் மட்டும் அவர்களுக்கு முன்னால் ஓர் அடைமொழி ஒட்டியிருந்தது: 'பெர்ஃபிதிஸ்'. நம்பிக்கை கொள்ளாதவர்கள் என்பதுதான் அதன் பழைய லத்தீன் பொருள் என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் ஐரோப்பாவின் சாதாரண மக்கள் காதில் அது துரோகிகள் என்றுதான் விழுந்தது.

1959 புனித வெள்ளிக்கு அந்தச் சொல் இல்லை. பதவிக்கு வந்து ஐந்தே மாதமான புதிய போப் அதை எடுத்துவிட்டார். பின்னர் ஒரு புனித வெள்ளியில் பழக்கதோஷத்தில் பழைய சொல்லே வாயில் வந்துவிட்டபோது, வழிபாட்டை நிறுத்தி, அந்த மன்றாட்டை மறுபடி சொல்ல வைத்தார்.

அவர்தான் போப் 23-ஆம் ஜான். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு 23-ஆம் யோவான். ஒரு தலைவரின் நேர்மையை எதை வைத்து அளப்பது என்று யோசிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இவருடையது.

யார் இந்த ரொன்காலி?

இயற்பெயர் ஆஞ்செலோ ஜுசெப்பே ரொன்காலி. 1881 நவம்பர் 25 அன்று வட இத்தாலியில், பெர்கமோ நகருக்கு அருகே சோத்தோ இல் மோந்தே என்ற கிராமத்தில் பிறந்தார். அடுத்தவர் நிலத்தில் உழுது, விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரக் குடியானவர் குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள்.

1904-இல் குருவானார். பெர்கமோ ஆயரின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பிரிவில் சார்ஜென்ட், பிறகு படைவீரர்களுக்கான குரு. 1925-இல் வாடிகன் அவரைப் பேராயராக்கி பல்கேரியாவுக்கு அனுப்பியது.

பெரிய பதவி மாதிரி தெரியும். ஆனால் பல்கேரியா ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நாடு. கத்தோலிக்கர்கள் சிறுபான்மை. பத்து ஆண்டுகள் அங்கேயே. அடுத்து துருக்கியும் கிரேக்கமும். இஸ்தான்புல்லில் தங்கி இரண்டு நாடுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் முஸ்லிம்கள் பெரும்பான்மை, மற்றதில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பொது இடங்களில் மத உடை அணியத் துருக்கி அரசு தடை போட்டபோது, அலட்டிக்கொள்ளாமல் கோட்டு சூட்டுக்கு மாறினார். வழிபாட்டின் சில பகுதிகளில் துருக்கி மொழியைக் கொண்டுவந்தார்.

ஆக, தன் ஆட்கள் குறைவாக இருக்கும் ஊர்களிலேயே ஏறக்குறைய 20 ஆண்டுகள் வேலை பார்த்தவர் இவர். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

இஸ்தான்புல்லில் என்ன நடந்தது?

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாய் வரை துருக்கி எந்தப் பக்கமும் சேரவில்லை. அதனால் ஜெர்மனியின் பிடியில் இருந்த ஐரோப்பாவிலிருந்து தப்ப நினைத்த யூதர்களுக்கு இஸ்தான்புல் ஒரு வாசல். வெளியே போக வேண்டிய ஊர் பாலஸ்தீனம். அது பிரிட்டனின் ஆளுகையில் இருந்தது. 1939-இல் பிரிட்டன் போட்ட கொள்கைப்படி ஐந்து ஆண்டுகளில் 75,000 யூதர்களுக்கு மட்டுமே அனுமதி. உயிர் பிழைப்பது ஒரு காகிதத்தைப் பொறுத்தது என்ற நிலை.

அந்தக் காகிதங்கள் எல்லை தாண்ட உதவியவர்களில் ஒருவர் ரொன்காலி. யூத முகமையின் இஸ்தான்புல் பிரதிநிதி ஹாயிம் பர்லாஸ் அவரை அடிக்கடி சந்தித்தார். பாலஸ்தீனத்தின் தலைமை ரபி ஐசக் ஹெர்சோக் 1944-இல் உதவி கேட்டு வந்தார். அமெரிக்காவின் போர் அகதிகள் வாரியம் சார்பில் ஐரா ஹிர்ஷ்மன் வந்தார். ரொன்காலி ஸ்லோவாக்கிய யூதர்களுக்காக வாடிகனுக்கு எழுதினார். பல்கேரியாவில் தனக்குப் பழக்கமான மன்னர் மூன்றாம் போரிஸுக்கு 1943-இல் யூதர்களுக்காகக் கடிதம் எழுதினார். குடியேற்றச் சான்றிதழ்களைத் தூதரகத் தபாலில் புடாபெஸ்டில் இருந்த வாடிகன் தூதர் ஆஞ்செலோ ரோத்தாவுக்கு அனுப்பினார்.

அந்த நேரத்து ஹங்கேரியின் நிலவரம் என்ன? 1944 மார்ச்சில் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது. மே நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை, சுமார் எட்டு வாரங்களில், 4.3 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் போன இடம் ஆஷ்விட்ஸ்.

ரொன்காலி எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று இணையத்தில் தேடினால் ஆயிரங்களில் பல எண்கள் வரும். தரவுகளோடு வேலை செய்பவளாக நான் சொல்வது: அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சான்றிதழ் போய்ச் சேர்வது வேறு, அதை வைத்திருந்தவர் உயிரோடு தப்பியது வேறு. அந்தக் காகிதங்களின் பின்னால் பல கைகள் இருந்தன. அவருடையது அதில் ஒன்று. அதுவே சின்ன விஷயம் இல்லை.

அப்போ, அவர் மீது குறையே இல்லையா?

இருக்கிறது. அதையும் பார்த்துவிடுவோம்.

1943 செப்டம்பரில் வாடிகனுக்கு எழுதிய கடிதத்தில், யூதர்கள் பாலஸ்தீனம் போக வாடிகனே உதவுவது ஒரு யூத அரசை மறுபடி கட்ட உதவுவது போல ஆகிவிடுமோ என்ற தயக்கத்தை வெளிப்படுத்தினார். அவரும் அந்தக் காலத்துத் திருச்சபையின் பாடங்களில் வளர்ந்தவர்தானே. ஆனால் அடுத்த ஆண்டு சான்றிதழ்கள் போனபோது அந்தத் தயக்கம் குறுக்கே நிற்கவில்லை.

இன்னொன்று. போருக்குப் பிறகு அவர் பிரான்சில் வாடிகன் தூதர். போரின்போது கத்தோலிக்க வீடுகளிலும் மடங்களிலும் ஒளித்து வளர்க்கப்பட்ட யூதக் குழந்தைகளில் சிலருக்கு ஞானஸ்நானமும் கொடுக்கப்பட்டிருந்தது. அவர்களைத் திருப்பிக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்த 1946-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று 2004 இறுதியில் இத்தாலியப் பத்திரிகையில் வெளியானது. அந்தக் காலத்தில் ரொன்காலியின் பங்கு என்ன, அந்த உத்தரவு எப்படி நடைமுறையானது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

இதையெல்லாம் மறைத்துவிட்டு ஒரு மகான் கதை சொல்லலாம். ஆனால் தான் வளர்ந்த அமைப்பின் தப்பு தனக்குள்ளும் இருந்தது என்பதுதான் அவர் பின்னால் செய்ததற்கு எடை சேர்க்கிறது.

தற்காலிக போப்பா?

1953-இல் கர்தினாலாகி, வெனிஸ் நகரின் முதுபெரும் தந்தையானார். 1958 அக்டோபர் 28 அன்று, 77 வயதை எட்ட ஒரு மாதம் இருக்கும்போது, போப்பாகத் தேர்வானார். வயதானவர், கொஞ்ச காலம் இருக்கையைப் பார்த்துக்கொள்வார், அதற்குள் அடுத்தவரை யோசிக்கலாம் என்பதுதான் பலருடைய கணக்கு.

மூன்றே மாதத்தில், 1959 ஜனவரி 25 அன்று, உலகம் முழுவதும் உள்ள ஆயர்களைக் கூட்டிப் பொதுச்சங்கம் நடத்தப்போவதாக அறிவித்தார். இரண்டாம் வாடிகன் சங்கம் என்று வரலாற்றில் நிற்பது அதுதான். அந்த மார்ச் மாதம்தான் மன்றாட்டிலிருந்து அந்தச் சொல் போனது.

ஆனால் ஒரு சொல்லை எடுப்பது சுலபம். அந்தச் சொல்லை உருவாக்கிய போதனையை என்ன செய்வது?

82 வயது வாத்தியாரும் ஒரு கோப்பும்

1960 ஜூன் 13. வாடிகனுக்கு ஒரு முதியவர் வந்தார். பெயர் ஜூல் இசாக். பிரெஞ்சு யூதர், வரலாற்று ஆசிரியர். பிரான்சில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்த வரலாற்றுப் பாடநூல்களில் அவர் பெயர் இருக்கும். யூதர் என்பதற்காகப் போர்க்காலத்து விஷி அரசு அவரை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. அவர் மனைவியும் மகளும் 1943-இல் பிடிபட்டு ஆஷ்விட்ஸில் உயிரிழந்தார்கள். அன்று வீட்டில் இல்லாததால் அவர் தப்பினார்.

மிச்ச வாழ்நாளை ஒரே கேள்விக்குக் கொடுத்தார்: கிறிஸ்தவ ஐரோப்பாவில் யூத வெறுப்பு எங்கிருந்து வந்தது? இயேசுவைக் கொன்ற பழியை ஒட்டுமொத்த யூதர்கள் மேலும், எல்லாத் தலைமுறைகள் மேலும் சுமத்திய போதனையிலிருந்து வந்தது என்பது அவர் கண்ட விடை. நாஜிகளின் இனவெறி வேறு வகைதான், ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் உழுது வைத்த நிலத்தில்தான் அது முளைத்தது என்றார்.

அன்று அவர் கையில் ஒரு கோப்பு இருந்தது. அதில் இருந்த ஒரு சான்று கூர்மையானது. 16-ஆம் நூற்றாண்டில் திருச்சபையே வெளியிட்ட மறைக்கல்வி நூல், இயேசுவின் மரணத்துக்கு மனிதர்கள் எல்லாருடைய பாவமும் காரணம் என்கிறது. அதாவது, யூதர்கள் மீதான பழி உங்கள் சொந்தப் புத்தகத்துக்கே பொருந்தவில்லை என்று காட்டினார். பிரச்சினையைச் சொன்னதோடு, அதைத் திருத்த அந்த அமைப்பின் ஆவணத்திலேயே வழி இருக்கிறது என்றும் எடுத்து வைத்தார்.

கிளம்பும்போது, கொஞ்சம் நம்பிக்கையோடு போகலாமா என்று கேட்டார். நம்பிக்கைக்கும் மேலாக எதிர்பார்க்க அவருக்கு உரிமை உண்டு என்ற பொருளில் போப் பதில் சொன்னார். அன்பாகப் பேசி அனுப்புவது தூதர்களுக்குக் கைவந்த கலை. அதோடு விட்டிருந்தால் இன்று நாம் இதைப் பேசியிருக்க மாட்டோம். செப்டம்பர் 18 அன்று கர்தினால் அகுஸ்தின் பெயா என்ற ஜெர்மானிய விவிலிய அறிஞரிடம், யூதர்களுடனான உறவு பற்றிச் சங்கத்துக்கு ஒரு வரைவு தயாரிக்கச் சொன்னார். ஒரு மனிதரின் மனு, பொறுப்பாளர் உள்ள வேலையாக மாறியது.

அடுத்த மாதம் 130 அமெரிக்க யூதர்கள் பார்க்க வந்தபோது, எகிப்தில் தன்னை விற்ற சகோதரர்களுக்கே தன்னை அடையாளம் காட்டிக்கொண்ட யோசேப்பின் கதையைச் சொல்லி வரவேற்றார். ஜுசெப்பே என்ற அவர் பெயரே யோசேப்புதான்.

கோப்பு ஏன் நின்றது?

1962 கோடையில் வரைவு நிகழ்ச்சி நிரலிலிருந்தே எடுக்கப்பட்டது. அரசியல்தான் காரணம். வாடிகனுக்கு இஸ்ரேலோடு தூதரக உறவு இல்லை. சங்கத்துக்குத் தன் பிரதிநிதியாக இஸ்ரேல் அரசு அதிகாரி ஒருவரை உலக யூத காங்கிரஸ் அறிவித்ததும், அரபு நாடுகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த நாடுகளில் சிறுபான்மையாக வாழும் கிறிஸ்தவர்களுக்குப் பாதிப்பு வருமோ என்ற பயம் ஆயர்களுக்கு. அது பொய்யான பயமும் இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் போப்புக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. டிசம்பரில் பெயா மறுபடி எழுதினார். விஷயத்தின் கனத்தைத் தானும் உணர்வதாக போப் கைப்பட எழுதி ஆதரவு தெரிவித்தார். வரைவு மீண்டும் உயிர் பெற்றது. 1963 ஜூன் 3 அன்று அவர் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஜூல் இசாக்கும் இறந்தார். இருவருமே முடிவைப் பார்க்கவில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

அடுத்த போப் ஆறாம் பவுல் வேலையைத் தொடர்ந்தார். முக்கியமான மூன்று வாக்கெடுப்புகள் இவை:

1964 நவம்பர் 20: ஆதரவு 1,651, திருத்தங்களோடு ஆதரவு 242, எதிர்ப்பு 99.
1965 அக்டோபர் 15: ஆதரவு 1,763, எதிர்ப்பு 250.
1965 அக்டோபர் 28, இறுதி: ஆதரவு 2,221, எதிர்ப்பு 88.

எதிர்ப்பு உச்சத்தில் இருந்தபோதுகூட எட்டில் ஒரு பங்குதான். இறுதியில் 100-க்கு 4 பேர்கூட இல்லை. அப்படியென்றால் அந்தப் பழைய பழி இத்தனை நூற்றாண்டு நீடித்ததற்குப் பெரும்பான்மை ஆதரவு மட்டும் காரணமாக இருக்க முடியுமா? 1964-க்கு முன் யாரும் அதை வாக்குக்கே கொண்டுவரவில்லை. அதைக் கொண்டுவந்ததுதான் ரொன்காலியின் வேலை.

கடைசித் தேதியைக் கவனித்தீர்களா? அக்டோபர் 28. ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் போப்பான அதே நாள்.

'நோஸ்த்ரா எத்தாத்தே', அதாவது 'நம் காலத்தில்' என்ற அந்த ஆவணம், இயேசுவின் மரணப் பழியை அன்றைய யூதர்கள் எல்லார் மேலும் இன்றைய யூதர்கள் மேலும் சுமத்தக் கூடாது என்றது. யூத வெறுப்பைக் கண்டித்தது. வெளிப்படையான மன்னிப்பு அதில் இல்லை. இன அழிப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவும் இல்லை. அந்தக் குறை இன்றும் பேசப்படுகிறது. யூதர்களைப் பற்றி மட்டும் தொடங்கிய வரைவு விரிந்து, இஸ்லாம், பௌத்தம், நம் நாட்டின் இந்து சமயம் பற்றியும் மரியாதையோடு பேசும் ஆவணமானது.

பலன் மெல்ல வந்தது. 1986-இல் போப் இரண்டாம் ஜான் பால் ரோம் யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குப் போனார். 1993 டிசம்பர் 30 அன்று வாடிகனும் இஸ்ரேலும் அடிப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2014-இல் ரொன்காலி புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நமக்கு என்ன?

தலைவரின் நேர்மை என்றதும் லஞ்சம் வாங்காதது, பொய் சொல்லாதது என்று நினைக்கிறோம். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் தன் அமைப்பு யாரையோ காயப்படுத்திய வரி எது என்று தேடி எடுப்பதும், காயம்பட்டவர் கொண்டுவரும் கோப்பை வாங்கி மேசையில் வைப்பதும், தான் போன பிறகும் வேலை நடக்கும்படி ஒருவரைப் பொறுப்பாக்குவதும் நேர்மைதான். அடுத்த முறை ஒரு தலைவர் வருத்தம் தெரிவிக்கும்போது பேச்சோடு நிற்காதீர்கள். எந்த ஆவணத்தில் எந்த வரி மாறியது, அதற்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள்.